மண்டபம் கரையில் உக்கிராணத்துவம்: ஒரு வரலாற்று நோக்கு

கிறிஸ்தவ உக்கிராணத்துவம் என்னும் சொற்றொடர் நம் சபைகளில் பெரும்பாலும் அறுப்பின் பண்டிகையை ஒட்டியே காதில் விழுகிறது. தசமபாகத்தையும் ஸ்தோத்திரக் காணிக்கையையும் கட்டட நிதியையும் நினைப்பூட்டும் பிரசங்கத்துக்கு அது தலைப்பாகிறது. ஏலம் முடிந்து பந்தல் பிரிக்கப்பட்டதும் மறக்கப்படுகிறது. திருமறையில் அச்சொல் பெற்றுள்ள அகலம் இதுவன்று. கிரேக்க மூலத்தின் ஒய்க்கொனொமொஸ் என்னும் சொல் வீட்டுக் காரியங்களை நடத்துபவனைக் குறிக்கும். அதற்கு நம் முன்னோர் உக்கிராணக்காரன் என்று தமிழ் செய்தனர். உக்கிராணம் என்பது பண்டசாலை. அரண்மனையிலும் கோவிலிலும் சத்திரத்திலும் அரிசியும் பருப்பும் நெய்யும் வைத்துப் பூட்டப்பட்டிருக்கும் அறை. அதன் திறவுகோல் எவன் கையில் இருக்கிறதோ அவன் உக்கிராணக்காரன். உள்ளே இருப்பதில் ஒரு படி அரிசியும் அவனுடையதன்று. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இவனை வீட்டுப் பொறுப்பாளர் என்கிறது. பொருள் எளிதில் விளங்குகிறது. பண்டசாலையின் வாசனை மட்டும் போய்விட்டது.

இச்சொல்லை விளக்குவதற்கு இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரையின் வரலாற்றைத் துணைக்கொள்ள விரும்புகிறோம். பெருநிலத்தின் நிலமுனை அது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, கிழக்கே பாம்பன் கால்வாய்க்கு அப்பால் இராமேசுவரம் தீவு. அங்கு நிலையாக வாழ்ந்தவர்களைவிடக் கடந்து சென்றவர்களே மிகுதி. யாத்திரிகர், தோட்டத் தொழிலாளர், தாயகம் திரும்பியோர், அகதிகள் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு கூட்டம். இக்கரையில் உக்கிராணத்தின் திறவுகோல் பலமுறை கைமாறியிருக்கிறது. கொடுப்போருக்கு ஒரு கரை, பெறுவோருக்கு மறு கரை என்று இக்கடல் என்றும் பிரித்துவைத்ததில்லை. இதனையே இக்கட்டுரையில் காட்ட முற்படுகிறோம்.

முதலில் யாத்திரிகரைக் கூறவேண்டும். காசியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இராமேசுவரம் நோக்கி நடந்துவந்தோருக்காகச் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் வழிநெடுகச் சத்திரங்களை அமைத்தனர். அவர்கள் இறுதியாக வந்து சேர்ந்து தோணி ஏறிய கரை மண்டபம். தஞ்சைச் சத்திரங்கள் நடைபெற்ற முறையை இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதி பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்திலிருந்து அறிகிறோம். சத்திரங்களின் வருவாய் நிலங்கள் கம்பெனியின் கைக்குப் போய்விடுமோ என்னும் அச்சத்தில் எழுதப்பட்ட கடிதம் அது. பிராமணர் முதல் தாழ்த்தப்பட்டோர் ஈறாக வந்தோர் அனைவருக்கும் அன்னம் அளிக்கப்பட்டது. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியாகவே கொடுக்கப்பட்டது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டோ என்று கூவி அழைப்பது வழக்கம். வழியில் நோயுற்றவர்களுக்கு மருத்துவர் இருந்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்த்துக் கல்வி அளிப்பதும், இறந்தோரை அடக்கம் செய்விப்பதும் சத்திரத்தின் கடமைகளாயிருந்தன. இவை தம் முன்னோர் ஏற்படுத்திய தருமங்கள் என்பதை மன்னர் வலியுறுத்துகிறார். உக்கிராணம் என்ற சொல்லை நமக்கு ஈந்த உலகம் இதுதான். கொடையைக் கிறிஸ்தவர்கள் இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததைப்போல நம்மில் சிலர் பேசுவதுண்டு. அவர்கள் இக்கடிதத்தை ஒருமுறை படிப்பது நலம். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்கும்படி கேட்டபோது, தஞ்சைச் சபையார் பலர் சபையைவிட்டே வெளியேறினர் என்பதையும் உடன்வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

இதே சரபோஜியின் பாதுகாவலராயிருந்தவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் உயிர் நீத்தவர். ஐதர் அலியின் படையெடுப்பால் தஞ்சை நாடு பாழாகி, 1781 முதல் 1783 வரை பஞ்சம் வாட்டியபோது, கோட்டைக்குள் இருந்தோர் பசியால் மடிந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை. ஆயினும் அதைக் கொண்டுவர எருதுகள் கிடைக்கவில்லை. அரசரையும் கம்பெனியையும் நம்பி எவரும் கொடுக்க முன்வரவில்லை. முன்பு கொடுத்தவர்களுக்குப் பணம் வந்து சேராததே காரணம். இறுதியில் சுவார்ட்ஸ் தம் சொந்தப் பொறுப்பில் பணம் தருவதாக வாக்களித்தார். ஓரிரு நாள்களில் 1,000 எருதுகளும் 80,000 கலம் தானியமும் வந்து சேர்ந்தன. அவர் வாக்களித்தபடியே பணமும் கொடுக்கப்பட்டது. அவர் செல்வந்தரல்லர். ஐதர் அலியிடம் 1779-இல் தூது சென்றபோது வழிச்செலவுக்கென்று அளிக்கப்பட்ட 300 ரூபாயைக்கூடத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு ஆக்கினார். குடியானவர்கள் அவருடைய கையிருப்பை எண்ணிப் பார்த்து நெல் அளக்கவில்லை. பிறர் பொருள் அந்தக் கையில் தங்காது என்பதை அறிந்தே அளந்தனர். உக்கிராணக்காரனிடத்தில் தேடப்படுவது உண்மை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதற்கு (1 கொரிந்தியர் 4) இதனினும் தெளிவான விளக்கவுரையை நாம் கண்டதில்லை.

சுவார்ட்ஸின் கை இராமநாதபுரம் வரை நீண்டது. தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாயிருந்த ஜான் சல்லிவனோடு சேர்ந்து, 1785-ஐ ஒட்டித் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் ஏற்பட அவர் உழைத்தார். மதம் மாற்றுவதற்குக் கல்வியைத் தூண்டிலாக்குவதில்லை என்னும் உறுதியின்மேல் அவை நடைபெற்றன. அவர் பெயரைத் தாங்கிய பள்ளி இராமநாதபுரத்தில் இன்றும் உள்ளது. இராமேசுவரத்து இசுலாமியக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்து அங்குப் படித்த மாணவர் ஒருவர் 2002-இல் இந்தியக் குடியரசுத் தலைவரானார். அப்துல் கலாம் அவர்கள் அப்பள்ளியின் ஆசிரியர் ஐயாதுரை சாலொமோனை வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைவுகூர்ந்தவர். சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் சேராத இத்தகைய பலனை எந்த இனத்தில் வரவு வைப்பது என்று நம் ஆண்டறிக்கை எழுதுவோர் திகைக்கக்கூடும்.

இதுவரை சொன்னது பெருநிலத்தார் செய்த தருமம். இனி மறுகரைக்கு வருவோம். மதுரை, இராமநாதபுரம் பகுதித் திருச்சபை யாழ்ப்பாணத்துக்குப் பட்டிருக்கும் கடன் நம் மாணவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்க மிஷனெரிமார் 1816-இல் யாழ்ப்பாணத்தில் ஊழியத்தைத் தொடங்கினர். அங்கிருந்தே 1834-இல் ஹாய்சிங்டன், டாட் ஆகிய இருவரும் மதுரைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களோடு யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர்களும் கடல் கடந்து வந்தனர். மதுரை மிஷனின் தொடக்கம் அதுவே. ஆகவே அம்மிஷனின் வழிவந்த சபைகளுக்குத் தாய்ச்சபை நியூ இங்கிலாந்தில் மட்டுமன்று, வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் உண்டு.

1900-ஐ ஒட்டி யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் இன்னும் துணிவான ஒரு காரியத்தைச் செய்தனர். அயல்நாட்டு மிஷனெரி சங்கம் ஒன்றை அவர்களே அமைத்து, இராமநாதபுரம் கரையில் மண்டபத்துக்கு வடக்கேயுள்ள தொண்டியைத் தங்கள் ஊழியக் களமாக ஏற்றனர். அவர்களுக்கு அயல்நாடு என்பது நம் தொண்டி! மேல்நாட்டுப் பணத்தால் கட்டப்பட்ட கல்லூரியில் படித்த பிள்ளைகள், பெற்றதைத் திருப்பிச் செலுத்தும் இடமாக இக்கரையைத் தெரிந்துகொண்டனர்.

1902-இல் யாழ்ப்பாணம் சென்றிருந்த இளைஞர் வேதநாயகம் சாமுவேல் அசரியா இம்முயற்சியைக் கண்டார். அவர் பிறந்த வெள்ளாளன்விளையும் அதைச் சூழ்ந்த திருநெல்வேலிச் சபைகளும் நூறாண்டுப் பழமையுடையவை. 1830-இல் ரேனியஸ் ஐயர் காலத்திலேயே தர்ம சங்கம் அமைத்து, துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றிய சபைகள் அவை. ஆயினும் யாழ்ப்பாணத்து மாணவர்களைப்போலத் தங்களுக்கென ஒரு மிஷனெரி சங்கத்தை அமைக்க அவற்றுக்கு அதுவரை தோன்றவில்லை. சிறிய யாழ்ப்பாணம் செய்வதைப் பெரிய திருநெல்வேலி செய்யவில்லையே என்ற எண்ணம் அசரியாவை உறுத்தியது. மறு ஆண்டு, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் அதன் களமாயிற்று. 1912-இல் அசரியா அவ்விடத்துக்கே பேராயராக அபிஷேகம் பெற்றார். அச்சங்கத்தைத் தாங்கியவற்றுள் பிடியரிசி முக்கியமானது. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தாய்மார் எடுத்து வேறு கலயத்தில் போட்டு வைப்பர். பனையேறிகளின் குடிசைகளில் அரிசிச் சோறு அன்றாடம் பொங்கியதில்லை என்பதை அறிந்தோர் அந்தப் பிடியின் எடையை அறிவர். பிற்காலத்தில் பேராயர் அசரியா கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஏழைச் சபைகளின் நடுவில் வாழ்ந்து எழுதியவர் ஆதலால், ஏழை கொடுக்க வேண்டியதில்லை என்று அவர் சொல்லவில்லை. கொடுக்கும் உரிமையை அவனிடமிருந்து பறிப்பது அவனைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பதே அவர் வாழ்வும் ஊழியமும் நமக்குக் காட்டும் நோக்கு.

இவ்வளவும் மகிழ்ந்து சொல்லக்கூடியவை. மண்டபத்தின் வரலாற்றில் அப்படிச் சொல்ல முடியாத பகுதியும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் காப்பித் தோட்டங்களும், பின்னர் தேயிலைத் தோட்டங்களும் பெருகியபோது, அவற்றில் உழைக்கத் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் திரள் திரளாகச் சென்றனர். தொடக்கத்தில் இக்கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குச் சென்று, காட்டு வழியே நடந்து மலைநாட்டை அடைந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தோர் எண்ணற்றோர். 1914-இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின், மண்டபத்தில் பெரியதொரு தடுப்பு முகாம் ஏற்பட்டது. இந்திய மண்ணில் இருந்தாலும் அது இலங்கை அரசின் பொறுப்பில் நடைபெற்றது. தொழிலாளர்களைச் சில நாள்கள் அங்கே தங்கவைத்து, அம்மை குத்தி, நோய் இல்லையென்று கண்ட பின்னரே கப்பலேற்றினர். உணவும் மருந்தும் தவறாமல் கிடைத்தன. அவை தருமமாகக் கொடுக்கப்பட்டவை அல்ல. தோட்டத்துக்கு வேலை செய்யும் உடல் தேவைப்பட்டது. சத்திரத்தில் உண்டவன் யாத்திரிகன். முகாமில் உண்டவன் ஏற்கெனவே கடனாளி.

வழிச்செலவுக்கென்று கங்காணி கொடுத்த முன்பணம் அவன் தலையில் ஏறியிருந்தது. தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு அவன் மாறவேண்டுமானால், அவன் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு ஒன்றும் உடன் சென்றது. அதனைத் துண்டு என்றனர். புதிய துரை அக்கடனைத் தீர்ப்பார். தொழிலாளி அவருக்குக் கடனாளியாவான். இதே தோட்டத் துரைமார் திருச்சபைக்குத் தாராளமாகக் கொடுத்தவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் பெரிதும் அவர்களுடைய நன்கொடையால் நடந்தது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் அங்குச் சென்று உண்மையோடு உழைத்தனர். அவர்களுடைய ஊழியத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் நன்கொடைப் பட்டியலில் காணும் தொகையையும் துண்டில் எழுதிய தொகையையும் ஒரே கை எழுதியிருக்கக்கூடும் என்ற எண்ணம் நம்மை விடுவதில்லை.

லூக்கா 16-இல் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரனின் உவமை பிரசங்கிகளுக்கு எப்போதும் இடறலாயிருப்பது. எஜமானுடைய கடனாளிகளை வருவித்து, அவரவர் சீட்டில் உள்ள தொகையைக் குறைத்து எழுதும்படி அவன் சொல்கிறான். கர்த்தர் அவனை ஏன் உவமையாக்கினார் என்று அருளுரை நூல்கள் பல பக்கங்கள் வாதாடுகின்றன. மண்டபம் முகாமில் வரிசையில் நின்ற ஒரு தொழிலாளிக்கு அந்த உவமை கடினமாயிருந்திராது என்று கருதுகிறோம். சீட்டில் எழுதிய தொகை குறைவது அவனுக்கு நற்செய்தியே. துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எந்தக் காணிக்கையும் செய்யாததை அந்தச் சட்டம் செய்தது.

அடுத்த திருப்பம் 1964-இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையில் நாடற்றவராயிருந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எஜமான் பண்டசாலையில் மூட்டைகளைப் பிரிப்பதுபோல மனிதர் பிரிக்கப்பட்டனர். அவர்களுடைய விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தமாகி இரண்டு மாதம் முடியுமுன், டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி வண்டி பயணிகளோடு அலைக்குள் போயிற்று. கோவிலும் ஆலயமும் அஞ்சலகமும் துறைமுகமும் ஒருங்கே இடிந்தன; இடிந்த ஆலயத்தின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கு வரலாயிற்று. அதில் வந்திறங்கிய தாயகம் திரும்பியோர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிற மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். பாட்டனைக் கப்பலேற்றிய அதே முகாம் பேரனை ஏற்றுக்கொண்டது. மூன்று தலைமுறை உழைப்பின் மிச்சமாக அவன் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் சில பாத்திரங்களுமே.

1983 ஜூலைக் கலவரத்தின் பின்பு வந்தவர்கள் வேறொரு கூட்டம். ஒப்பந்தப்படி வந்தவர்களல்லர், உயிர் தப்பி வந்தவர்கள். 1983 ஜூலை முதல் 1987 வரை மட்டும் 1,34,053 பேர் வந்தனர். 2012 வரை வந்தோரின் மொத்தத் தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டியது. யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் வன்னியாரும் அவர்களில் இருந்தனர். 1834-இலும் 1900-ஐ ஒட்டியும் எந்தக் கரையிலிருந்து உதவியாளர்களும் காணிக்கையும் இங்கு வந்தனவோ, அந்தக் கரையின் மக்கள் இப்போது வெறுங்கையோடு வந்திறங்கினர். பவுல் எருசலேம் பரிசுத்தவான்களுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் காணிக்கை சேர்த்தபோது, இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறைவை நிரப்புவதும், பின்னொரு நாள் அவர்கள் மிகுதி உங்கள் குறைவை நிரப்புவதும் சமநிலை என்று எழுதினார் (2 கொரிந்தியர் 8). அவர் அதை இரக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. எருசலேமுக்குப் புறஜாதிச் சபைகள் பட்ட கடன் என்றே ரோமருக்கு விளக்குகிறார். நம் சபைகள் அகதிகளுக்குத் துணியும் அரிசியும் கொண்டு சென்றது உண்மை. அதைக் கடன் தீர்ப்பதாக எண்ணிக் கொண்டு சென்றவர் எத்தனை பேர்?

இதனினும் வியப்பானது, பெறுவோர் பெறுவோராகவே நின்றுவிடாததுதான். 1984-இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அமைந்தது. அதை அமைத்தவர் வழக்கறிஞர் சந்திரகாசன். ஈழத் தமிழரின் தலைவராய் விளங்கிய, கிறிஸ்தவரான செல்வநாயகம் அவர்களின் புதல்வர். அது அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு. முகாம்களில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவர்களும், நோயாளிகளைக் கவனித்தவர்களும், சிறுவர் ஊட்டத்துக்கென்று சுருள்பாசி வளர்த்தவர்களும் முகாம்வாசிகளே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையை அழித்தபோது, முகாம்களில் பயிற்சி பெற்றிருந்த அகதித் தொண்டர்கள் அங்குச் சென்று, தமிழ்நாட்டு மீனவர்க்குப் பணிசெய்தனர். குடியுரிமை இல்லாதவர்கள் குடிமக்களுக்குத் துணைநின்றனர். மக்கெதோனியரின் கொடிய தரித்திரத்திலிருந்து உதாரத்துவம் பெருகியது என்று பவுல் எழுதியதை மிகைக்கூற்றாகக் கொள்ளும் உரையாசிரியர்கள் உண்டு. அவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

2021-இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிற்று. அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். அவர்களுள் பலர் இம்மண்ணிலேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்றவர்கள். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களை உள்ளடக்கவில்லை. பட்டதாரி ஒருவர் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது நிரப்ப முடியாத கட்டம் ஒன்று அவர் முன் நிற்கிறது. இங்கேதான் துண்டுச் சீட்டின் பாடம் மறுபடியும் நம்மிடம் வருகிறது. கிறிஸ்துமஸ் நாளில் முகாமுக்கு உணவுப் பொதி கொண்டு செல்வதைச் சேவைக் குழுவின் வேலை என்றும், அவர்களுடைய உரிமைக்காகப் பேசுவதை அரசியல் என்றும் பிரித்துவிடும் பழக்கம் நம் ஆயர்களிடையே வேரூன்றியுள்ளது. உக்கிராணத்தில் அரிசி மட்டுமா இருக்கிறது? நம் பிரசங்க பீடமும், பேராயத்தின் பெயரும், அதிகாரிகளிடம் செல்லும் நம் கடிதத்தாளும் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கின்றன. சுவார்ட்ஸ் பஞ்சத்தில் எடுத்துச் செலவழித்தது தம் பெயரை.

2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் பால்மாவும் எரிபொருளும் கிடைக்காத நிலையில், மறுபடியும் படகுகள் தனுஷ்கோடியை நோக்கி வரத் தொடங்கின. மார்ச் 22 அன்று முதலில் வந்தவர்களுள் கைக்குழந்தையோடு ஒரு தாயும் இருந்தார். தனுஷ்கோடியை அடுத்த மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட சிலரைக் கடலோரக் காவல் படையினர் கரைசேர்த்தனர். விசாரணைகள் முடிந்தபின் அவர்களும் மண்டபம் முகாமுக்கே கொண்டுவரப்பட்டனர்.